பிஸ்கட் டின்னைத் திறந்து பாருங்கள்

வணக்கம் நேயர்களே... மன்னிக்கவும், வாசகர்களே! வாரத்தில் ஐந்து நாள் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தே பழகிவிட்டது. இந்தப் பக்கத்துக்கு எழுத உட்காரும்போதெல்லாம் கை முதலில் 'நேயர்களே' என்றுதான் எழுதுகிறது.

இந்த வாரம் ஒரு ஜோடி சப்பாத்திலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பள்ளி திறக்கும் நேரம். வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பை, சப்பாத்து, சீருடை சேர்த்துக் கொடுக்கும் அங்கம் ஒன்றை நான் வானொலியில் நடத்திக்கொண்டிருந்தேன். ஜாசின் பக்கமிருந்து ஒரு நேயர் அழைத்தார். பக்கத்து வீட்டுப் பையன் ஆறாம் ஆண்டுக்குப் போகிறான், கிழிந்த சப்பாத்தோடுதான் பள்ளிக்குப் போகிறான் என்றார். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் அழைப்புகள் குவிந்துவிட்டன. நம் மக்களின் மனசு உங்களுக்குத் தெரியாததா? அன்று மாலைக்குள் அந்த ஒரு பையனுக்கு மட்டும் ஐந்து ஜோடி சப்பாத்து வந்து சேர்ந்தது.

நான் பூரித்துப்போனேன். படம் எடுத்து முகநூலில் போட்டேன். பாராட்டுகளும் வந்தன.

மறுவாரம் ஓர் அக்காவிடமிருந்து அழைப்பு. நிகழ்ச்சிக்கு இல்லை, நேராக அலுவலகத்துக்கு. பாச்சாங்கில், என் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில்தான் இருக்கிறாராம். பையனின் குடும்பத்துக்கு உதவி செய்கிறவர். குரலில் கோபமில்லை, களைப்பு இருந்தது.

"தங்கச்சி, பையனுக்குச் சப்பாத்து கெடைச்சிருச்சு. ரொம்ப நன்றி. ஆனா அவனுக்கு இப்ப வேண்டியது அவங்க பாட்டியோட பழைய செகப்பு ஐசி நம்பர். அதை ரேடியோவுல கேட்டு வாங்கித் தர முடியுமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பையனுக்கும் பாட்டியின் ஐசிக்கும் என்ன சம்பந்தம்?

நான்கு பேர், ஒரு மடக்கு மேசை

"ஞாயித்துக்கெழமை வாம்மா, காட்டுறேன்" என்றார் அக்கா. போனேன். கோயில் மண்டபத்தின் பின்பக்கம், அன்னதானப் பாத்திரங்கள் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசை. அதைச் சுற்றி நான்கு பேர். அக்கா, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஒருவர் பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் தொழில்நுட்பர். ஒரு பெண் சட்டம் படிக்கிறாள். நான்காமவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டும் அண்ணன். லாரி ஓட்டுநருக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த மேசைக்கு மிகவும் தேவைப்பட்டவரே அவர்தான். அலோர் காஜாவிலிருந்து மெர்லிமாவ் வரை எந்தத் தாமான் எந்தத் தோட்டத்தின் மேல் நிற்கிறது, அந்தத் தோட்டத்துச் சனங்கள் கலைந்து எங்கெங்கே போனார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அவர்கள் சங்கமாகப் பதிவு செய்யவில்லை. பேனர் இல்லை, ஒரே நிறத்தில் டி-சட்டை இல்லை. மாதம் இரண்டு ஞாயிறு உட்காருகிறார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், ஐசி இல்லாதவர்கள், சிவப்பு ஐசியோடு காலம் தள்ளுகிறவர்கள் வருகிறார்கள். படிவம் நிரப்பித் தருகிறார்கள், தேவையான பத்திரங்களைத் தேடித் தருகிறார்கள், பதிவிலாகாவுக்குக் கூடவே போய் வருகிறார்கள். அவ்வளவுதான் வேலை. கேட்கச் சின்னதாக இருக்கிறது, இல்லையா?

அன்று அக்கா எனக்குப் பையனின் கதையைத் தாளில் கோடு போட்டு விளக்கினார். உங்களுக்கும் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பையனின் அப்பா மலேசியர், நீல ஐசி வைத்திருப்பவர். அம்மாவுக்கு எந்தப் பத்திரமும் இல்லை. இருவரும் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். ஊரே சாப்பிட்டு வாழ்த்தியது. ஆனால் திருமணத்தைப் பதிய முடியவில்லை, அம்மாவுக்கு ஐசி இல்லையே! நம் நாட்டில் 1982 மார்ச் 1-க்குப் பிறகு முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவு செய்யப்பட்டால்தான் சட்டப்படி திருமணம். பதியாவிட்டால், பிறக்கும் பிள்ளை சட்டத்தின் கண்ணில் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. அப்படிப் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயை வைத்துத்தான் முடிவாகும். அப்பா நீல ஐசி வைத்திருந்தும் பயனில்லை. பையனின் பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்கானெகாரா' என்று விழுந்துவிட்டது. குடிமகன் அல்ல.

சரி, அம்மாவுக்கு ஏன் பத்திரமில்லை? அவர் ஒரு தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவர். பிறப்பை யாரும் பதியவில்லை. ஆனால் அவருடைய அம்மா, அதாவது பையனின் பாட்டி, சிவப்பு ஐசி வைத்திருந்தவர். நிரந்தரவாசி. 1962 அக்டோபருக்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்த ஒருவருடைய பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருந்தால், அந்தப் பிள்ளை சட்டப்படியே குடிமகன். யாருடைய கருணையும் தேவையில்லை. ஆக, பாட்டி அந்தக் காலத்தில் சிவப்பு ஐசி வைத்திருந்தார் என்பதை நிரூபித்தால் அம்மா குடிமகள். அம்மா குடிமகள் என்றால் பையன் குடிமகன்.

பாட்டி எப்போதோ இறந்துவிட்டார். ஐசி, தோட்டத்தை விட்டு வெளியேறிய சமயத்தில் தொலைந்துவிட்டது. எண் யாருக்கும் தெரியவில்லை.

ஐந்து ஜோடி சப்பாத்து சேர்த்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. பையன் வெறுங்காலோடு நின்றதை நான் பார்த்தேன். அவன் எதன்மேல் நிற்கிறான் என்பதைப் பார்க்கவே இல்லை.

எங்கள் வீட்டுச் சிவப்பு ஐசி

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே ஒரு சிவப்பு ஐசி இருந்தது. என் ஆயாவுடையது.

ஆயா கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். பாதி ராத்திரியில் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டப் போனவர். வாழ்ந்தது முழுக்க மலாக்காவில். மலாய்க்காரக் காய்கறிக்காரரிடம் பேரம் பேசினால், கடைசியில் அவரே சிரித்துக்கொண்டு விலையைக் குறைப்பார். அப்படிப்பட்ட ஆயா, குடியுரிமைக்கு மனுப் போட்டு மொழித் தேர்வுக்குப் போய் அதிகாரி முன்னால் உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டு தடவை போனார். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது, "போதும் சாமி, என்னை எங்க அனுப்பிடப் போறாங்க?" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கேள்விக்குள் ஒரு பழைய பயம் இருந்தது. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்றார்கள். 1969 கலவரத்துக்குப் பிறகு அது கடுமையாக அமலானபோது, ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் இந்த நாட்டை விட்டுக் கப்பல் ஏறினார்கள். பெரும்பாலும் தோட்டத்துச் சனங்கள். ஆயாவின் அண்ணனும் அதில் ஒருவர். போனவர் ஒரே ஒரு கடிதம் போட்டார். அப்புறம் ஒன்றுமில்லை.

2018-இல், 60 வயதைத் தாண்டிய 3,407 இந்திய நிரந்தரவாசிகளுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அப்போதைய பிரதமர் துன் மகாதீர் அறிவித்தார். அந்தச் செய்தியை வானொலியில் வாசித்தவர்களில் நானும் ஒருத்தி. ஆயா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். 'இந்த நாட்டுக்காரி' என்று எழுதிய ஒரு தாள் அவர் கைக்கு வரவே இல்லை.

எங்கள் குடும்பம் தப்பித்தது எப்படித் தெரியுமா? அப்பா பிறந்ததும் தோட்டத்துக் கிராணி ஒருவர் தானாகவே முன்வந்து பிறப்பைப் பதிந்து கொடுத்தாராம். ஒரு மனிதர், ஒரு நாள் வேலை. அதனால்தான் அப்பாவுக்கு நீல ஐசி, எனக்கு எஸ்.பி.எம்., பல்கலைக்கழகம், இந்த வேலை. அடுத்த லயனில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கிராணி கிடைக்கவில்லை என்றால் அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாக அங்கேயே நிற்கிறது. என் கெட்டிக்காரத்தனம் இதில் எங்கே இருக்கிறது?

நேற்று வந்த பிரச்சினை அல்ல

மலாக்காக்காரர்களுக்கு இந்தக் கதை இன்னும் கொஞ்சம் வலிக்க வேண்டும். சுல்தான்கள் ஆண்ட காலத்திலேயே தமிழ் வணிகர்கள் வந்து தங்கிய ஊர் இது. அவர்களுடைய வழித்தோன்றல்களான மலாக்கா செட்டிகள் இன்றும் காஜா பெராங்கில் இருக்கிறார்கள். துக்காங் எமாஸ் சாலையில் உள்ள பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல் கட்டப்பட்டது. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மலாக்கா இடம்பெற்றபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். அந்தக் கோயில் வாசலிலிருந்து ஒரு மணி நேரம் காடி ஓட்டினால் போதும். தான் பிறந்ததற்கே அத்தாட்சி இல்லாத தமிழரைப் பார்த்துவிடலாம்.

உரிமைக்காகத் தோட்டத்துச் சனங்கள் தாங்களே எழுந்த வரலாறும் நமக்கு உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கத் தேவையில்லை, கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். போருக்குப் பிறகு கெடாவில், பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில், ஏ.எம். சாமி தலைமையில் 'தொண்டர் படை' கிளம்பியது. கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள், தோட்டத்தில் குடிப்பழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார்கள். 1947-இல் போலீஸ் அதை அடக்கியது. 1960-இல் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, மாதம் பத்து பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் சேர்த்து, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடப்பட்டு விற்பனைக்குப் போன தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க வழி பிறந்தது.

இந்த மூன்றிலும் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. யாரும் பரிதாபத்தை எதிர்பார்க்கவில்லை. 'எங்களுக்கு உரியதைக் கொடு' என்றுதான் கேட்டார்கள். பாச்சாங் மடக்கு மேசையும் அதே கேள்வியைத்தான் படிவத்தில் நிரப்பி அனுப்புகிறது.

நாடு தழுவிய அளவிலும் இந்த வேலை நடக்கிறது. டிரா மலேசியா என்ற அமைப்பு 2014 முதல் தீபகற்பத்தில் நாடற்றவர்களைத் தேடிப் பதிவு செய்தபோது, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கண்டறியப்பட்டார்கள். அந்தந்த ஊர் ஆட்களையே பயிற்றுவித்து, சட்ட நடைமுறை தெரிந்த துணையாளர்களாக ஆக்கினார்கள். வக்கீல் படிப்பு இல்லாதவர்கள்தான். ஆனால் எந்தப் படிவம், எந்தச் சட்டப்பிரிவு, எந்தச் சாட்சி என்று விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள்.

கடல் தாண்டியும் ஒரு பாடம் இருக்கிறது. இலங்கையில் 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் இலட்சக்கணக்கானோரை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது. அது தீர ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆனது. 2003-இல் புதிய சட்டம் வந்தபோது, சட்டம் வந்துவிட்டது என்று யாரும் சும்மா இருக்கவில்லை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் ஐ.நா. அகதிகள் நிறுவனமும் சேர்ந்து தோட்டம் தோட்டமாக முகாம் போட்டன. பத்தே நாளில் ஏறக்குறைய 1,90,000 பேருக்குக் குடியுரிமை கிடைத்தது. சட்டப் புத்தகத்தில் இருக்கிற உரிமை லயன் வீட்டுக்கு வந்து சேர நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் தொண்டூழியர்.

இப்போது ஏன் அவசரம்?

நம் நாட்டிலும் சட்டம் மாறுகிறது. வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்கள், தந்தையருக்கு இருக்கும் அதே உரிமை தங்களுக்கும் வேண்டும் என்று 2020 டிசம்பரில் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஃபேமிலி ஃப்ரண்டியர்ஸ் என்ற அமைப்பும் ஆறு தாய்மார்களும். 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. அவர்கள் விடவில்லை. 2024 அக்டோபர் 17-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் 206 உறுப்பினர்களின் ஆதரவோடு அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. தாய்மார்கள் வென்றார்கள்.

ஆனால் அதே திருத்தத்துக்குள் நமக்கு ஒரு முள்ளும் இருக்கிறது. நிரந்தரவாசிகளுக்கு, அதாவது சிவப்பு ஐசிக்காரர்களுக்கு, இங்கே பிறக்கும் பிள்ளைகள் சட்டப்படி தானாகவே குடிமக்களாகும் வழி இனி வரும் பிள்ளைகளுக்கு அடைபடுகிறது. அவர்கள் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளையும் நாடற்ற குழந்தைகளையும் பாதிக்கும் இரண்டு அம்சங்கள் முதலில் அதில் இருந்தன. அமைப்புகள் குரல் கொடுத்ததால் 2024 மார்ச்சில் அரசாங்கம் அவற்றை மீட்டுக்கொண்டது. சிவப்பு ஐசிக்காரர்களின் பிள்ளைகள் விஷயம் மட்டும் நின்றுவிட்டது.

முன்பே பிறந்தவர்களின் உரிமை இதனால் போகாது. ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். சப்பாத்துப் பையனைக் காப்பாற்றக்கூடியது பாட்டியின் சிவப்பு ஐசி. நாளைக்குப் பிறக்கும் ஒரு பிள்ளைக்கு அந்தக் கயிறும் இருக்காது. ஆகவே உங்கள் வீட்டில், உங்கள் வரிசையில், இன்றும் சிவப்பு ஐசியோடு இருக்கும் இளைஞரோ இளம்பெண்ணோ இருந்தால், கல்யாணம் காட்சி என்று பேசும் முன் அவருடைய குடியுரிமை மனுவைப் பற்றிப் பேசுங்கள்.

படம் வராத வேலை

நான் ஊடகத் துறையில் படித்தவள். எது செய்தியாகும், எது ஆகாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அரிசி மூட்டை கொடுத்தால் படம் வரும். சக்கர நாற்காலி கொடுத்தால் படம் வரும். படிவம் நிரப்பிக் கொடுத்தால் என்ன படம் வரும்? குனிந்த தலையும் ஒரு பேனாவும்தான். அதுவும் முடிவு தெரிய இரண்டு வருடம், ஐந்து வருடம் ஆகும். வானொலியில் மூன்று நிமிட அங்கத்துக்குள் அது அடங்காது. அதனால்தான் நானும் அதைத் தொடாமல் இருந்தேன். சும்மா ஒப்புக்கொள்கிறேன்.

அரிசி கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பசிக்கு முதலில் சோறுதான். ஆனால் ஐசி இல்லாதவனுக்கு வங்கிக் கணக்கு இல்லை, வாகன உரிமம் இல்லை, ஓட்டு இல்லை, அரசாங்கப் பல்கலைக்கழகம் இல்லை, முறையான வேலை இல்லை. அவனுக்கு வருடா வருடம் நாம் அரிசி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் ஐசி கிடைத்துவிட்டால் அவனே வாங்கிக்கொள்வான்.

மேசையில் இருப்பவர்களையும் நான் தெய்வமாக்கப் போவதில்லை. அவர்களுக்குள் சண்டை வந்து ஒருவர் ஆறு மாதம் வராமல் இருந்திருக்கிறார். ஒரு தடவை முக்கியமான நகலை வேறு குடும்பத்தின் கோப்பில் வைத்துவிட்டு மூன்று வாரம் தேடியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் தொலைபேசியைக்கூட எடுக்காத குடும்பங்கள் உண்டு. "எத்தனை வெள்ளி வாங்குறீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வி வருவதற்கும் காரணம் இருக்கிறது. 'நான் ஐசி எடுத்துத் தருகிறேன்' என்று ஆயிரக்கணக்கில் கறந்துகொண்டு காணாமல் போகும் ஏஜென்டுகளிடம் நம் சனங்கள் எத்தனை முறைதான் ஏமாறுவார்கள்? அதனால் அக்கா வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் சொல்வது ஒன்றுதான்.

"கெடைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நீங்க கேட்க வேண்டியதைச் சரியா கேக்க வைப்பேன்."

இதைவிட நேர்மையான வாக்குறுதியை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

ஒரு நிமிடம் ஒலிபரப்பு

பாட்டியின் கதைக்கு வருகிறேன். நிலையத்தில் அனுமதி வாங்கி, குடும்பத்தின் பெயர் எதையும் சொல்லாமல், தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னேன். இந்தத் தோட்டத்தில் எழுபதுகளில் பால் மரம் வெட்டியவர்கள், அவர்களின் பிள்ளைகள் யாராவது இருந்தால் அழையுங்கள் என்றேன். ஒரே ஒரு நிமிடம்தான். சப்பாத்துக்கு வந்ததைப் போல அழைப்புகள் குவியவில்லை. மூன்றே மூன்று வந்தன. ஒருவர், தப்பான தோட்டம். ஒருவர், அழுதுவிட்டு வைத்துவிட்டார். அந்தத் தோட்டத்தின் பெயரை இத்தனை வருடம் கழித்துக் கேட்டதும் தாங்கவில்லையாம்.

மூன்றாமவர் அலோர் காஜாவிலிருந்து ஒரு பெரியவர். அவருடைய தகப்பனார் அந்தத் தோட்டத்தில் தொழிற்சங்க வேலை பார்த்தவராம். "அப்பாவோட பழைய பிஸ்கட் டின் ஒன்னு இருக்கும்மா. தூக்கிப் போட மனசு வரல. வந்து பாருங்க."

லாரி அண்ணனும் அக்காவும் போனார்கள். டின்னுக்குள் சந்தா ரசீதுகள், ஒரு திருமண அழைப்பிதழ், மஞ்சளாகிப்போன ஒரு நோட்டுப் புத்தகம். அந்த நோட்டில் உறுப்பினர் பெயர்களும் பக்கத்தில் ஐசி எண்களும் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. பாட்டியின் பெயரும் இருந்தது. பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு, ஆனால் எண் முழுதாக.

அந்த எண்ணை வைத்து முறைப்படி பதிவேட்டைத் தேடும்படி கேட்டு, அம்மாவுக்கான மனு போய்விட்டது. இன்று வரைக்கும் பதில் வரவில்லை. பையன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான், அந்தச் சப்பாத்தெல்லாம் காலுக்குச் சின்னதாகிவிட்டது. நண்பர்கள் பன்னிரண்டு வயதில் ஐசி எடுக்கப் போனபோது இவன் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டானாம். எஸ்.பி.எம். வருவதற்குள் கிடைத்துவிட வேண்டும் என்று அக்கா நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும்தான்.

இந்த ஞாயிறு நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பெயர் பொருத்தம், நல்ல நாள் எல்லாம் அதற்குள் பார்த்துக்கொள்ளலாம். கோயிலில் தாலி கட்டுவதற்கு முன்போ பின்போ, பிள்ளை பிறப்பதற்கு முன்பே திருமணத்தைப் பதிவிலாகாவில் பதியுங்கள். மண்டபத்துக்கும் படப்பிடிப்புக்கும் செலவழிக்கிறோம், அந்த ஒரு கையெழுத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தாத்தா பாட்டியின் பழைய ஐசி, இறப்புப் பத்திரம், சங்க அட்டை, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பழைய பள்ளிச் சான்றிதழ், மகப்பேறு கிளினிக் புத்தகம், எதையும் குப்பையில் போடாதீர்கள். கைப்பேசியில் படம் எடுத்துக் குடும்பப் புலனக் குழுவில் போட்டு வையுங்கள். படித்த பிள்ளைகளே, உங்களுக்கு மலாயில் பிழையில்லாமல் ஒரு கடிதம் எழுதத் தெரியும்தானே? உங்கள் வட்டாரத்தில் இப்படி ஒரு மேசை இருந்தால் மாதம் இரண்டு மணி நேரம் போய் உட்காருங்கள். இல்லாவிட்டால் ஒரு மேசை போடுங்கள்.

என் அப்பாவின் பிறப்பைப் பதிந்து கொடுத்த அந்தக் கிராணியின் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. போன வாரம் அப்பாவிடம் மறுபடியும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பேரு தெரியலம்மா. சைக்கிள்ல வருவாராம், அது மட்டும் ஆயா சொல்லிக் கேட்டிருக்கேன்."

அடுத்த வாரம் சந்திப்போம்.